ஐந்தாம் மாடியில் ஒரு நொச்சி

1

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கஞ்சாச் செடி வளர்ந்தது. இப்படி ஆரம்பித்தால், விருதுநகரில் இருக்கும் என் அண்ணி இந்தப் பக்கத்தை மடித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் ஒளித்துவிடுவாள். ஒளிக்க வேண்டாம் அண்ணி. அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. செடியும் இல்லை, செடி நின்ற தொட்டியும் இல்லை. வளர்த்தவள் நான். இன்னதென்று தெரியாமலே வளர்த்தேன். தெரிந்து வளர்த்திருந்தால் பயத்திலேயே அது பட்டுப்போயிருக்கும்.

இப்போது எழுத உட்காரக் காரணம் என் மகள் தேன்மொழி. அடுத்த மாதம் சிங்கப்பூருக்குப் படிக்கப் போகிறாள். வீடு முழுக்கத் திறந்த பெட்டிகள். வெளியே மழை. ஊர்ப்பெயரை யாங்கோன் என்று மாற்றி எவ்வளவோ காலமாகிறது, எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான். இந்த ரங்கூன் மழையில் மத்தியானமே விளக்கு வைக்கும் நேரம் மாதிரி இருட்டிவிடும். அந்த அரை இருட்டில் அவளுடைய துணிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது, ஜன்னல் மூலையில் பச்சையாக ஏதோ நிற்பதுபோலத் தோன்றும். நிமிர்ந்து பார்த்தால் காயவைத்த குடை.

2

நான் 1990இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். என் கணவர் சண்முகம் இங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா ரயில்வேயில் கூலியாக வந்தவர், அப்பா இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர், இவர் உளுந்துத் தரகர். விருதுநகருக்கும் ரங்கூனுக்கும் உறவு என்றால் அது உளுந்தாலும் துவரையாலும் ஆன உறவுதான். நீங்கள் காலையில் சாப்பிட்ட இட்லியில் பாதி, எங்கள் மொனிவாப் பக்கத்து மண்ணில் விளைந்தது. இதை நான் பெருமையாகச் சொன்னால், "அப்ப மீதிப் பாதி அரிசிதானே? அதுவும் உன் ஊர்தானா?" என்று அண்ணன் கேலி செய்வார்.

குடியிருப்பது மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், ஐந்தாம் மாடி. மாடிப்படி செங்குத்து. எல்லா வீட்டுப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரைக்கும் தொங்கும். பேப்பர்காரர், காய்காரி எல்லாரும் அதில் கட்டிவிட்டு ஒரு இழு இழுப்பார்கள், மேலே மணி அடிக்கும். வந்த புதிதில் எனக்கு இந்தக் கயிறுதான் ஆறுதல். வாயைத் திறக்காமல் வாழ்க்கை நடத்த ஒரு வழி அது. வாயைத் திறந்தால் வம்பு. என்னைவிடச் சின்னவளான ஒரு காய்காரியைப் பர்மா மொழியில் பெரியம்மா முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டேன். அந்த மழைக்காலம் முடியும்வரை அவள் எனக்குக் கொசுறு போடவில்லை.

மொழி எனக்கு வரவில்லை. இந்தச் செடி முளைத்த காலத்தில், பன்னிரண்டு வருஷம் இருந்தும் சந்தைப் பேச்சு, பஸ் பேச்சு, அவ்வளவுதான். தேன்மொழிக்கு அது வாயோடு பிறந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் தின்சா. தமிழ் புரியும், ஆனால் பதில் பர்மாவில் வரும். அம்மா என்பதும் 'அமே' ஆகிவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மாவில் சொல்வாள், நான் அரைகுறையாகப் புரிந்துகொண்டு தலையாட்டுவேன். பெற்ற பிள்ளையிடம் தலையாட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு வலிக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

3

2002ஆம் வருஷம். தேன்மொழிக்குப் பதினொரு வயது. கணவர் புதுச் சரக்குக்காக மேல் பர்மாப் பக்கம் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார்.

இந்த ஊரில் பிறந்தநாளுக்குப் புத்தர் கோயில் வாசலில் குருவி வாங்கிப் பறக்கவிடுவார்கள். புண்ணியம். தேன்மொழியும் தோழிகளோடு போய் ஒரு குருவி வாங்கி, கையைத் திறந்திருக்கிறாள். எல்லாருடைய குருவியும் பறந்தது. இவளுடையது கையிலேயே உட்கார்ந்துகொண்டது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். புண்ணியத்துக்கு வாங்கியதை ஐந்தாம் மாடி ஏற்றிவந்து கூண்டில் அடைத்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

தெருப்பக்கப் பால்கனியில் கூண்டு. அதற்குக் கீழே என் துளசித் தொட்டி. தொட்டி என்றுதான் சொல்ல வேண்டும், துளசி இல்லை. இந்த மழையில் என் கையால் துளசி பிழைத்ததே இல்லை, வேர் அழுகிச் செத்துப்போகும். காலித் தொட்டியை எடுத்துப் போட மனசு வராமல் தினமும் கோலம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். குருவிக்குச் சந்தையில் வாங்கிய கலப்புத் தீனி. அது தின்றது பாதி, கொத்திச் சிதறியது பாதி. குருவி உடம்பு தேறி ஒருநாள் கதவு திறந்திருந்தபோது போய்விட்டது. அது போன பிறகு தொட்டியில் ஒரு முளை எட்டிப்பார்த்தது.

முதலில் ஏதோ களை என்று நினைத்தேன். நாலு விரல் உயரம் வந்ததும் இலை விரிந்தது. ஒரு காம்பில் ஐந்து விரல், கையை விரித்த மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ஏ, நொச்சிடீ!" என்று கத்தினேன். "தேனு, ஓடியா. நொச்சி வந்திருக்கு!"

அவள் வந்து பார்த்தாள். "அது என்ன அமே?"

"ஒனக்கு எங்க தெரியும்? எங்க தெருவுல வேலியே இதுதான். சளி பிடிச்சா ஆவி பிடிக்க, தலைவலிக்குத் தலகாணியில அடைக்க, கொசுவுக்குப் புகை போட. எல்லாத்துக்கும் இதுதான்."

துளசி வைத்த இடத்தில் நொச்சி தானாக வந்தால் அதைச் சாமி அனுப்பியது என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பேன்? மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். காலையில் மூன்று சுற்றுச் சுற்றினேன். பால்கனியில் இடமில்லாததால் நின்ற இடத்திலேயே என்னை நான் சுற்றிக்கொண்டேன்.

4

மேல் மாடிக்காரர் வெற்றிலை போடுபவர். அவர் துப்புவது எங்கள் பால்கனி வழியாகத்தான் தெருவுக்குப் போகும். ஒருநாள் செடியின் தலையில் சிவப்பாக விழுந்திருந்தது. சாமி அனுப்பிய செடிமேல் எச்சில் படக்கூடாது என்று அன்றைக்கே தூக்கிக் கூடத்துக்குள் வைத்துவிட்டேன். வீட்டுக்குள் செடி வளர்த்த கதை அங்கிருந்து தொடங்குகிறது.

வீட்டுக்குள் செடி வளர்க்க விரும்புகிறவர்கள் என் அனுபவத்தைக் கேட்டுக்கொள்ளலாம். நொச்சியோ, ரோஜாவோ, எதுவோ. ஜன்னல் இருக்கிற பக்கம் அது சாய்ந்துகொண்டே போகும். நீங்கள் எவ்வளவு கொஞ்சினாலும் அதற்கு வெளியேதான் கண். தொட்டியைத் திருப்பி வைத்தால் சில நாளில் மறுபடியும் கழுத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படித் திருப்பித் திருப்பி வைத்தால்தான் நேராக நிற்கும். தண்ணீரை ஆசைக்கு ஊற்றக்கூடாது. என் துளசிகளெல்லாம் என் ஆசையில் செத்தவைதான் என்று அப்போது புரிந்தது.

கரண்ட் இங்கே வருவதுதான் செய்தி, போவது செய்தி இல்லை. வந்திருக்கும் நேரத்தில் டியூப்லைட்டைச் செடிக்குத்தான் முதலில் போடுவேன். மழை பெய்யும் மத்தியானங்களில் கதவைச் சாத்திவிட்டுச் செடிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு அதனிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பேன். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் வந்தால் கூடமே பச்சையாகிவிடும். சுவர், கூரை, என் கை எல்லாம் பச்சை. தூரத்தில் வட்ட ரயில் போகும் சத்தம். அது ஊரைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும் ரயில். அதில் ஏறினால் ஒருவேளை விருதுநகர் வந்துவிடுமோ என்று தூக்கமும் விழிப்புமாக நினைத்துக்கொள்வேன். கண்ணை மூடினால் எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்பது மறந்துபோகும். அது எனக்குப் பிடித்திருந்தது.

செடி மளமளவென்று வளர்ந்து தேன்மொழியின் தோள் உயரம் வந்தது. அவள்தான் கோணல் பண்ணிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரையை இழுத்து மூடுவாள், நான் திறப்பேன், அவள் மறுபடியும் மூடுவாள். தோழிகளை வீட்டுக்குக் கூட்டிவருவதை நிறுத்திவிட்டாள். கீழ்வீட்டு டாவ் ஏக்கு மூட்டுவலிக்காக நான் இலை மடித்து வைத்தால், பொட்டலம் காணாமல்போகும்.

"எங்கடீ வச்சிருந்த இலை?"

"தெரியலை அமே."

"எங்க ஊர் வைத்தியம்னா ஒனக்கு வெக்கமா இருக்கோ?"

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அம்மாவைக் கண்டால் வெட்கப்படும் வயது வந்துவிட்டது என்று எண்ணி, நான் சமையலறையில் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பேன்.

5

டாவ் ஏயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் மாடியில் தனியாக இருந்த விதவை. கண்ணில் புரை, பாதிதான் தெரியும். எனக்குப் பாதிதான் பேச வரும். இரண்டு பாதியும் சேர்ந்து ஒரு சிநேகிதமாகியிருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் மேலே வந்திருந்தார். தேன்மொழி டியூஷனுக்குப் போயிருந்தாள். கொசு பிடுங்கியெடுத்தது. காய்ந்த இலை ஒரு கட்டு இருந்ததே என்று ஞாபகம் வந்து, சாம்பிராணிக் கரண்டியில் தேங்காய் நாரைப் பற்றவைத்து அதன்மேல் ஒரு பிடி போட்டேன். மழைக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது.

கொசு என்னாயிற்று என்று எனக்கு நினைவில்லை. டாவ் ஏ மூச்சை இழுத்துவிட்டு, "என் வீட்டுக்காரர் அறை மாதிரி மணக்கிறது" என்றார். பிறகு சிரித்தார். பிறகு அழுதார். நானும் சிரித்தேன். செத்துப்போன மனிதரைப் பற்றி அவர் ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். மோல்மைன் ஆறு, ஒரு படகு, மாமியாரின் மூக்குத்தி. அன்றைக்கு ஒருநாள் மட்டும் பர்மா மொழி முழுக்க எனக்குப் புரிந்தது. நான் என் அப்பாவின் பருப்பு மண்டியைப் பற்றித் தமிழிலேயே சொன்னேன். அவரும் சரியான இடங்களில் எல்லாம் "ஆமாம், ஆமாம்" என்றார். மழைச் சத்தம் மெல்ல மெல்லத் தூரமாகப் போய், யாரோ பக்கத்து அறையில் உளுந்து புடைப்பதுபோலக் கேட்டது. அது இலையின் வேலையா, மழையின் வேலையா, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தின் வேலையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

தேன்மொழி திரும்பிவந்து கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். ஓடிப்போய் அதைக் குளியலறையில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள். சாரல் உள்ளே அடித்தது.

"அமே, இனிமே இதைப் போடாதே. கெஞ்சிக் கேக்கறேன்."

"கொசு என்னை மட்டுமா கடிக்குது? ஒனக்காகத்தானேடி போட்டேன்" என்றேன். சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

6

இந்த நாட்டில் நான் வெளிநாட்டுக்காரி. வருஷாவருஷம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முதல்படி வார்டுத் தலைவர் ஊ ஹ்லாவின் கையெழுத்து. அவர் வீட்டுக்கு வந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஆள் ஒழுங்கானவர்தானா என்று பார்த்துத்தான் போடுவார். அந்த வருஷம் கெடுபிடி அதிகம். லான்மடாப் பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தஞ்சாவூர்க்காரிக்கு அனுமதி கிடைக்காமல், புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். கணவரும் மகளும் இந்த நாட்டுக்காரர்கள், நான் மட்டும் அந்த நாட்டுக்காரி. கையெழுத்து விழாவிட்டால் தேன்மொழி இங்கே, நான் அங்கே. சோறு இறங்கவில்லை எனக்கு. கணவர் மொனிவாவிலிருந்து போனில், "ஊ ஹ்லா நல்ல மனுசன், பயப்படாதே ராஜி" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் சட்டத்தைப் பிடித்தால் விடமாட்டார் என்றும் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஊ ஹ்லாவுக்குத் தீராத ஒற்றைத் தலைவலி என்பது தெருவுக்கே தெரியும். அதற்கு என்ன மருந்து என்பது எனக்குத் தெரியும். நிழலில் உலர்த்திய இலைகளை அடைத்து, மயில் பூவேலை செய்த உறை போட்டு ஒரு தலையணை தைத்தேன். லஞ்சம் என்று சொல்லாதீர்கள், வைத்தியம்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அவர் வந்தார். மூச்சு வாங்கியது. சரியாக அதே நேரத்தில் தேன்மொழியும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள், சீருடையான பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையும் நனைந்து. அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். நாற்காலி செடிக்குப் பக்கத்தில்.

தேநீர் கொடுத்தேன். தலையணையை இரண்டு கையாலும் நீட்டினேன். எனக்கு வந்த பர்மா மொழியை எல்லாம் திரட்டிச் சொன்னேன்: "தலைவலி. நல்லது. இந்த இலை. நான் வளர்த்தது. எங்க ஊரில் எல்லா வீட்டிலும்."

எல்லா வீட்டிலும் என்பதைக் கையை விரித்து வேறு காட்டினேன்.

அவர் தலையணையை முகர்ந்தார். செடியைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். அதன் அடியில் இருந்த குங்குமத்தையும் விளக்கையும் பார்த்தார். தேநீரைக் கீழே வைத்துவிட்டார். என்னிடம் ஏதோ கேட்டார். குரல் மாறியிருந்தது. எனக்குப் புரியவில்லை, சிரித்துத் தலையாட்டினேன்.

தேன்மொழி எனக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றாள். பேச ஆரம்பித்தாள். அவள் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு வார்த்தை பிடிக்கமுடியவில்லை. 'அமே' என்பது மட்டும் நடுநடுவே வந்தது. என்னைப் பற்றித்தான் பேசுகிறாள். என் வீட்டில், என் கண்ணெதிரே, என்னைப் பற்றி இரண்டு பேர் பேசுகிறார்கள், நான் தட்டை ஏந்திக்கொண்டு சிரித்தபடி நிற்கிறேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். அவள் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சின்னதாக ஒரு பதில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று தேன்மொழியிடம் விரலை ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னடி சொல்றாரு?"

"செடி வீட்டுக்குள்ள கூடாதாம். பூச்சி வருமாம். இன்னைக்கே எடுத்துடணுமாம்."

"அவர் இவ்வளவு நேரம் பேசினாரு. நீ இத்தனூண்டு சொல்றே?"

"அவ்ளோதான் அமே."

அவளே பிடுங்கினாள். என்னைத் தொடவிடவில்லை. வேரோடு இழுத்து, துண்டு துண்டாக ஒடித்து, சாக்கில் கட்டி, மழையில் இறங்கிப் போனாள். பால்கனியிலிருந்து பார்த்தேன். தெருக்கோடியில் சாக்கடை ரோட்டுக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கை அதில் கொட்டிவிட்டு, போகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

கையெழுத்து விழுந்த சந்தோஷம் எனக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. என் ஊரிலிருந்து தானாக வந்த ஒன்றையும் இவள் பிடுங்கிப் போட்டுவிட்டாள், இவள் என் பிள்ளை இல்லை, இந்த ஊர்ப் பிள்ளை என்று மனசு கொதித்தது. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

7

கணவர் வந்து பரணில் பெட்டி வைக்க ஏறியவர், நான் உலர்த்தியதில் மிச்சமிருந்த ஒரு கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"ராஜி, இது என்னா?"

"நொச்சிங்க. கூடத்துல வளர்ந்துச்சு. ஒங்க பொண்ணுதான் பிடுங்கிப்புட்டா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "இது நொச்சி இல்லேம்மா. கஞ்சா." அதன் பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார். "யாருக்காச்சும் குடுத்தியா?"

"டாவ் ஏக்குக் கொஞ்சம். வார்டுத் தலைவருக்கு ஒரு தலகாணி."

அவர் சிரிப்பு நின்றது. கூஜாத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, மிச்சக் கட்டோடு குளியலறைக்குள் போனார். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிறைக்குப் போயிருக்கலாம், நாடு கடத்தப்பட்டிருக்கலாம், என்னால் இவர் தொழிலே போயிருக்கலாம். அதையெல்லாம் ஒரு சின்னப் பெண் நாலு வார்த்தை பேசித் தடுத்திருக்கிறாள் என்று புரிந்தது. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"அவர்கிட்ட என்னடி சொன்னே?"

"சும்மா சொன்னேன் அமே."

எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வளர்ந்த பிறகும் அதே பதில்தான். "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்பாள்.

8

அந்த மழைக்குப் பிறகுதான் நான் பர்மா மொழியை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். என்னைப் பற்றி என் எதிரே பேசுவது எனக்குப் புரிய வேண்டும் என்ற வீம்புதான். டாவ் ஏயிடம் மத்தியானங்களில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். புகை இல்லாமலும் அவருடைய கதைகள் புரிந்த நாளில் அவர் எனக்கு ஒரு லுங்கி வாங்கித் தந்தார். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஊ ஹ்லா பதவியை விட்டுவிட்டார். ரயில் பாதை ஓரத்துத் தேநீர்க் கடையில் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமணி உருட்டிக்கொண்டிருப்பார். தேன்மொழிக்குச் சிங்கப்பூர் விசா வந்த அன்று, லட்டு எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். மழை விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவர் லட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தலையணை மாதிரி இதிலும் ஏதாவது இருக்கிறதா?" என்றார். எனக்கு முகம் எரிந்தது.

"அன்றைக்கு உங்களிடம் என் மகள் என்ன சொன்னாள்?" என்று கேட்டேன். பர்மா மொழியில், ஒரு தப்பும் இல்லாமல் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னுமா உனக்குத் தெரியாது?"

அவர் பர்மாவில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஒன் பொண்ணு எங்கிட்ட, தாத்தா, இது என்னன்னு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சுவத்துல மண்டையோடு போட்ட படத்துல இந்த இலை இருக்கு. எங்க அம்மாவுக்குத் தெரியாது. குருவித் தீனியில முளைச்சது, இன்னைக்கே பிடுங்கிடறேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினா. நான் அவளைச் சோதிக்கிறதுக்காகக் கேட்டேன்: ஒங்க அம்மா வெளிநாட்டுக்காரி. கையெழுத்துப் போடலேன்னா அவ ஊருக்குத்தானே போகப்போறா, அதுல என்ன கஷ்டம்?"

அவர் மணி உருட்டுவதை நிறுத்தினார்.

"அதுக்கு ஒன் பொண்ணு சொன்னா: அவங்க ஊர்ச் செடியே அவங்களுக்கு மறந்துபோச்சு தாத்தா. இனிமே அவங்களை எந்த ஊருக்கு அனுப்புவீங்க?"

ஒரு ரயில் வந்து நின்று போனது. ஆட்கள் இறங்கிப் போனார்கள். நான் தேநீரைக் குடிக்காமலே எழுந்து நடந்தேன்.

இருபது வருஷமாக, எங்க ஊர், எங்க ஊர் என்று இந்த வீட்டில் மூச்சுக்கு மூச்சு சொன்னவள் நான். அந்த ஊர் என் கண்ணை விட்டு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நொச்சி இலையைத் தொட்டால் எப்படி இருக்கும், கிள்ளினால் எப்படி மணக்கும் என்று நடந்துகொண்டே நினைத்துப் பார்த்தேன். மனசுக்குள் வந்து நின்றது அந்தக் கூடத்துச் செடியின் மணம்தான்.

ஐந்து மாடியும் ஏறி வந்தால், தேன்மொழி பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தாத்தாவைப் பார்த்துட்டு வாரேன். எல்லாம் சொல்லிட்டாரு" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொதல்லயே ஒனக்குத் தெரியுமில்ல? அத்தனை நாளும் பயந்து செத்திருப்பியே. ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலே? அப்பவே பிடுங்கிப் போட்டிருப்பேனே."

அவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். பிறகு தமிழிலேயே சொன்னாள். தடுக்கித் தடுக்கி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அப்பா ஊர்ல இல்லை. நான் பர்மாவுலதான் பதில் சொல்லுவேன். வீட்டுல நீ அந்தச் செடியோட மட்டும்தான்மா பேசிக்கிட்டு இருந்தே."